பொன்னி கரண்ட் இல்லாமல் பாடிய பதினோரு நிமிடம்

2012 ஜனவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்ட ஒன்பதாம் நாள், நிமிர்ந்து நின்ற கம்பத்தை எண்ண ஒரு கை விரல் போதும் என்றிருந்த பொழுதில், மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக் கூடத்தில் என் வால்வு ஆம்ப்ளிஃபையர் பதினோரு நிமிடம் பாடியது. கரண்ட் கிடையாது. பேட்டரி கிடையாது. ஜெனரேட்டர் கிடையாது. பிளக்கைச் சொருகவே இல்லை.

நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆனால் சாட்சி இருக்கிறது. என் மனைவி இன்னாசிமேரியின் அண்ணன் ஞானசேகரன். சிதம்பரத்தில் முப்பத்தைந்து வருடம் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தியவர். பொய் சொல்லத் தெரியாதவர். எல்லாவற்றுக்கும் மேலாக, என் ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைத்து வாழ்ந்தவர். அப்படிப்பட்டவரே சாட்சி என்றால் வேறென்ன வேண்டும்.

அவருடைய மகள் பிரிசில்லாதான் இதை எழுதச் சொன்னாள். மஸ்கட்டில் நர்ஸ். "நடந்தத ஒண்ணு விடாம எழுதி, கீழ கையெழுத்து போட்டுக் குடுங்க மாமா" என்றாள். கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அறுபத்தாறு வயதில் ஒருவனிடம் கையெழுத்துக் கேட்பவர்கள் குறைந்துபோகிறார்கள்.

வால்வு ஆம்ப்ளிஃபையரைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு சின்ன நெருப்பு எரியும். அந்த நெருப்பின் வழியாகப் பாட்டு வரும். டிரான்சிஸ்டர் என்பது மூட்டைப்பூச்சி அளவில் ஒரு கறுப்புச் சமாச்சாரம். அதன் வழியாகச் சத்தம் வரும். இதற்குமேல் சொன்னால் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்பீர்கள்.

நான் அரசு பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தவன். 2004 மே மாதம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதே மாதம் லேபில் கிடந்த பழைய வால்வுகளுக்கும் ஓய்வு கொடுத்தார்கள். ஏலத்தில் இரண்டு பெட்டி எடுத்து வந்தேன். ஓய்வு பெற்றவர்கள் சிலர் தோட்டம் போடுவார்கள், சிலர் பிறத்தியார் வீட்டு வரன் பார்ப்பார்கள். நான் டிரான்ஸ்பார்மர் சுற்றினேன். ஒன்றுக்கு மூவாயிரம் சுற்று. நடுவில் யாராவது "சாப்பிட வாங்க" என்றால் எண்ணிக்கை போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு முறை அப்படி ஆனதும் இன்னாசிமேரி கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தட்டைக் கொண்டுவந்து தரையில் வைத்து, காலால் என் பக்கம் தள்ளிவிட்டுப் போவாள். கலைஞனின் வாழ்க்கை அப்படித்தான்.

முதல் பிள்ளை பொன்னி. சின்ன வால்வு நான்கு. இரண்டாவது தில்லையம்மாள். தடித்த வால்வு நான்கு, பக்கத்தில் உட்கார்ந்தால் புருவம் கருகும். இந்த இரண்டு பேரையும் ஒப்பிட்டு நானூறு பக்க நோட்டு மூன்று எழுதி முடித்திருக்கிறேன். சுருக்கம் இதுதான். பொன்னியின் குரல் காடாம்புலியூர்ப் பலாச்சுளை. இனிப்பு, கொஞ்சம் பிசுக்கு, கேட்டு முடித்த பிறகும் விரலில் ஒட்டியிருக்கும். தில்லையம்மாள் சிதம்பரம் கொத்சு. காரம் தனியாக, புளி தனியாக, அடியில் கிடக்கும் கத்திரிக்காய் தனியாகத் தெரியும். பொன்னியில் கேட்டால் மிருதங்கத்தின் தோல் எந்த ஊர் ஆட்டினுடையது என்று சொல்லிவிடலாம். தில்லையம்மாளில் அந்த ஆடு கடைசியாக என்ன மேய்ந்தது என்பதுவரை வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கச்சேரி. மூன்று பேர் வருவார்கள். பக்கத்து வீட்டு சுப்பராயலு, பத்திரப்பதிவு ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். லூர்துநாதன், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே ஸ்பீக்கரை வாடகைக்கு விடும் சவுண்ட் சர்வீஸ்காரர். மூன்றாவது ஞானசேகரன். சிதம்பரத்தில் எட்டு மணிப் பூசையை முடித்துக்கொண்டு பஸ் ஏறி, பதினொன்றரைக்குத் தங்கை வீட்டுக்கு வந்து, பரங்கிப்பேட்டை நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, என் கூடத்துப் பிரம்பு நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவார். அவர் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2009 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பாடகர் குழுவின் பழைய டிரான்சிஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் ஸ்பீக்கரில் அதை மாட்டினார். ஒரு பாட்டைப் போட்டார். அதே பாட்டைத் தில்லையம்மாளில் போட்டார். கண்ணைத் திறந்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் மாப்ள இருக்கு."

நான் கேசட்டை வெளியே எடுத்தேன்.

"ஆனா உன்னுதுல ஒரு சௌகரியம் ஜாஸ்தி. மழைக்காலத்துல ஜட்டி காய வைக்கலாம்."

லூர்துநாதன் சிரித்தார். சுப்பராயலு இன்னும் நீளமாகச் சிரித்தார். சமையலறையிலிருந்து இன்னாசிமேரி சிரிப்பதும் கேட்டது. நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரியாதவனா நான்.

அன்றைக்குப் போட்ட பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞானசேகரனே மெட்டுப் போட்ட குழந்தை இயேசு தாலாட்டு. 1994 கிறிஸ்துமஸுக்கு அவருடைய குழு பாடி, லூர்துநாதன் கேசட்டில் பிடித்தது. அந்தக் கேசட்டில் யார் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள் என்பது ஞானசேகரனுக்கு அத்துப்படி. "மூணாவது அடியில டோனி ஒரு இழை முந்துறான், கேக்குதா" என்பார். எனக்குக் கேட்காது. கேட்கிறது என்பேன்.

அப்போது நாங்களும் சிதம்பரத்தில்தான் குடியிருந்தோம். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். மூன்றாவது வரிசை, இடது ஓரம். 1977இல் கல்யாணமான புதிதில் முதல் ஒத்திகைக்குப் போனபோது, நான் பாடிய இரண்டாவது வரியில் அவர் ஆர்மோனியத்தை நிறுத்தினார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். மிகவும் அன்பாகத்தான் சொன்னார். "மாப்ள, நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேணாம்." மெதுவாகவும் சொன்னார். முப்பது பேருக்கு மட்டும்தான் கேட்டது.

பதினெட்டு கிறிஸ்துமஸ் நான் வாயை அசைத்தேன். நன்றாகவே அசைத்தேன். அந்தக் கேசட்டில் என் மௌனமும் பதிவாகியிருக்கிறது. மிகத் துல்லியமான மௌனம். டிரான்சிஸ்டரில் அது கேட்காது.

இதற்கும் நான் சொல்லவரும் விஷயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா தகவலுக்காகச் சொன்னேன்.

பரீட்சை வைக்கலாம் என்று சொன்னவர் ஞானசேகரனேதான். நியாயஸ்தர். "ஒரு பெட்ஷீட்டைக் கட்டி மறைச்சுடு. உள்ளேந்து நீ மாத்தி மாத்திப் போடு. எது வால்வு, எது டிரான்சிஸ்டர்னு நாங்க மூணு பேரும் சீட்டுல எழுதறோம்." பெட்ஷீட்டை இன்னாசிமேரி கொடுத்தாள். நீலத்தில் வெள்ளைப் பூப் போட்டது. இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றி இணைக்க லூர்துநாதன் கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு ஸ்விட்ச் கொண்டுவந்து கொடுத்தார். தட்டினால் தெருமுனை வரை "டக்" என்று கேட்கும்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் சுப்பராயலு கொல்லைப்பக்கமாக வந்தார். அவர் வாசலைவிட்டுக் கொல்லைப்பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"சார், வெளிய சொல்லாதீங்க. எது வால்வு, எது மத்ததுன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியல. நீங்க தலையாட்டினா நானும் ஆட்டுவேன். நாளைக்கி மானம் போயிடும் சார். ஒரு ஜாடை காட்டிடுங்க."

அவர் போய் அரைமணி நேரத்தில் லூர்துநாதன் போன் செய்தார். "அண்ணே, முப்பது வருசமா சவுண்ட் சர்வீஸ் நடத்தறேன். எனக்கே கேக்கலன்னு தெரிஞ்சா தொழிலு என்னாவுறது? சுப்பராயலு சாருக்குக்கூட கேக்குது பாருங்க."

இருவருக்கும் ஒரே ஜாடையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் "போடட்டுமா" என்று கேட்டால் வால்வு. "மாத்தட்டுமா" என்று கேட்டால் டிரான்சிஸ்டர். இன்னொருவருக்கும் சொல்லியிருக்கிறேன் என்று இருவரிடமும் சொல்லவில்லை. அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுவதில் நான் கறாரானவன்.

பன்னிரண்டு சுற்று. ஒவ்வொன்றுக்கும் பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து "போடட்டுமா", "மாத்தட்டுமா", பிறகு ஒரு "டக்", பிறகு தாலாட்டு. ஆறாவது சுற்றில் ஞானசேகரன் குரல் வந்தது.

"நீ மாத்தவே இல்லயே மாப்ள."

"இன்னா சார் இப்பிடி சொல்றீங்க," என்றார் சுப்பராயலு. குரலில் உண்மையான வேதனை இருந்தது. "வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். எனக்கு மயிர்க் கூச்செறியுது, பாருங்க கையை."

"ஆமாண்ணே," என்றார் லூர்துநாதன். "பேஸ் அப்பிடியே எறங்கிடுச்சே."

முடிந்ததும் சீட்டுகளை விரித்தோம். சுப்பராயலு பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. லூர்துநாதன் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் அப்படியொரு மரியாதை. ஞானசேகரன் சீட்டில் பன்னிரண்டு தடவையும் ஒரே வார்த்தை: "ஒன்றுதான்."

இந்த இடத்தில் ஒரு சின்ன விவரம். ஸ்விட்சுக்கு நான் ஒயர் கொடுக்கவில்லை. பன்னிரண்டு சுற்றும் பாடியது பொன்னி மட்டும்தான். டிரான்சிஸ்டர் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது.

ஆக, அன்று அந்தக் கூடத்தில் காது என்று சொல்லத்தக்க ஒன்றை வைத்திருந்த ஒரே ஆள் ஞானசேகரன். மதிப்பெண் போட்டால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அவருக்குத்தான் போட வேண்டும். ஏன் ஒயர் கொடுக்கவில்லை என்று பிரிசில்லா கேட்டாள். ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடாக நேரம் பிடிக்கும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன்.

"அவுங்க ரெண்டு பேருக்கும் கேக்குது மாப்ள. எனக்கு மட்டும் கேக்கல."

"வயசாவுதில்ல மச்சான்," என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு பரீட்சை நாளாகிவிட்டது. நான் கட்டாயப்படுத்தவில்லை. அவரே கேட்பார். "இன்னொரு தடவ வைய்யி மாப்ள." நாற்காலியைப் பெட்ஷீட்டுக்குக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் கிட்டத்தில். "ஒன்றுதான்" என்று எழுதுவதை விட்டுவிட்டு, வால்வு, டிரான்சிஸ்டர் என்று மாற்றி மாற்றி எழுத ஆரம்பித்தார். ஒரு நாள் ஏழு சரியாக அமைந்துவிட்டது. காசைச் சுண்டினாலும் ஏழு வரும். அவர் தங்கையைக் கூப்பிட்டு, "ஏழு மேரி, ஏழு" என்று காட்டினார். கண் கலங்கியிருந்தது. ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கொடுத்ததில்லை.

2010 நடுவில் காது மெஷின் வேண்டும் என்றார். டாக்டரிடம் போக வேண்டாம், ஊருக்குத் தெரிந்தால் பாடகர் குழு என்ன நினைக்கும் என்று நான்தான் யோசனை சொன்னேன். பரங்கிப்பேட்டையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரின் மகன் துபாயில் இருந்தான். அவன் வழியாக இரண்டு காதுக்கும் சேர்த்து ஒரு ஜோடி வரவழைத்துப் பரிசாகக் கொடுத்தேன். காதுத் துவாரத்தைக் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும் நல்ல மெஷின். "இதுல நீ ஒண்ணும் நோண்டாத மச்சான். ஞாயித்துக்கெழம வரும்போது குடு, நான் சார்ஜ் ஏத்தித் தரேன்" என்றேன்.

அதில் பேட்டரி இல்லை. வந்த அன்றே கழற்றி வைத்துவிட்டேன்.

உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். நல்ல காதில் மெஷின் வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் காது கெட்டுப்போகும். கெட்டுப்போகக் கூடாது என்ற அக்கறை எனக்கு இருந்தது. பேட்டரி இல்லாவிட்டால் அது வெறும் அடைப்பான்தான். அடைப்பானால் யாருக்கு என்ன கெடுதல்.

அடுத்த கிறிஸ்துமஸ் ஒத்திகையில் அவர் சிந்தியா என்ற பெண்ணை நிறுத்தி, "சுருதி இறங்குது" என்று நான்கு தடவை திருத்தினாராம். அவள் சரியாகத்தான் பாடியிருக்கிறாள். அழுதிருக்கிறாள். பிறகு எல்லோரும் கட்டை மாறிப் பாடியபோது இவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாராம். 2011 ஈஸ்டர் முடிந்த வாரம் ஆர்மோனியச் சாவியைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பத்தைந்து வருடம். நான் சிதம்பரம் போய் ஆறுதல் சொன்னேன். போகிற வழியில் அரைக் கிலோ கறுப்புத் திராட்சை வாங்கிப் போனேன். அந்த மாதிரி விஷயங்களில் நான் குறை வைப்பதில்லை.

புயலெல்லாம் கழிந்து 2012 பிப்ரவரியில் பிரிசில்லா லீவில் வந்தாள். நர்ஸ் அல்லவா, வந்த அன்றே அப்பாவின் காதிலிருந்த மெஷினைக் கழற்றித் திறந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காது டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, ஒரு வரைபடக் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"அறுபத்தெட்டு வயசுல இப்பிடி ஒரு காதைப் பாத்ததில்லன்னு டாக்டர் சொல்றாரு மாமா. மெஷின்ல பேட்டரியே இல்ல. யாரு அப்பாவுக்குக் காது போச்சுன்னு சொன்னது?"

இன்னாசிமேரி என்னைப் பார்த்தாள். சுப்பராயலுவும் அப்போது இருந்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பிரிசில்லா பிடிவாதக்காரி. "நீங்களும் வாங்க" என்று அடுத்த வாரம் என்னையும் அதே டாக்டரிடம் இழுத்துப் போனாள். என் வரைபடம் மாடிப்படி மாதிரி கீழே இறங்கியிருந்தது. மேல்ஸ்தாயி எனக்குப் பத்து வருடமாகவே கேட்டிருக்காதாம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சோதனை மெஷின் முழுக்க டிரான்சிஸ்டர். அதில் வேறென்ன தெரியும்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா கோயில்ல பாடறதே இல்ல மாமா. சுருதி தப்பிடும்னு பயம். கடைசி பெஞ்சுல உக்காந்து வாயை மட்டும் அசைக்கிறாரு."

கேட்டுக்கொண்டேன். பஸ் ரெட்டிச்சாவடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. மனசு லேசாக இருந்தது, காற்று நன்றாக வந்ததால் இருக்கும்.

"ஈஸ்டருக்கு அப்பா ஆர்மோனியத்துல உக்காரணும். நான் சொன்னா நம்பல. டாக்டர் எனக்காகச் சொல்றாருன்றாரு. நீங்க வந்து, நீங்க பண்ணினத உங்க வாயால சொல்லணும்."

சரி என்றேன். மறுக்க வேண்டிய காரணம் எதுவும் தெரியவில்லை. மார்ச் பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிப் பூசை முடிந்ததும் சிதம்பரத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "போடட்டுமா", "மாத்தட்டுமா" சொன்னேன். ஒயரில்லாத ஸ்விட்சைச் சொன்னேன். பேட்டரியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையிலேயே வைத்தேன். கடைசியாக, ஜனவரி எட்டாம் தேதி நடந்ததையும் சொன்னேன். அதை உங்களுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

புயலுக்குப் பிறகு பஸ் ஓட ஆரம்பித்த முதல் ஞாயிறு அது. தங்கை வீட்டு ஓடு இருக்கிறதா போயிற்றா என்று பார்க்க வந்திருந்தார். பாதி ஓடு போயிருந்தது. கூடத்தில் வானம் தெரிந்தது. பெட்ஷீட் மட்டும் கட்டிய இடத்தில் இருந்தது. மற்ற இருவரும் வரவில்லை. அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, காது மெஷினை அழுத்திவிட்டுக்கொண்டார்.

"கரண்ட்டுதான் இல்லயே," என்றார்.

"இன்வெர்ட்டர் வாங்கியிருக்கேன் மச்சான். பொன்னிய அதுல போடறேன்."

இன்வெர்ட்டர் எதுவும் நான் வாங்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், சும்மாதான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பெட்ஷீட்டுக்குப் பின்னால் போய், உயிரில்லாத டேப் ரெக்கார்டரில் தாலாட்டுக் கேசட்டைப் போட்டு, பட்டனை அழுத்தி, "போடட்டுமா" என்றேன். ஸ்விட்சைத் தட்டினேன். "டக்."

பிறகு ஒன்றுமில்லை. தெருவில் யாரோ விழுந்த வேப்பமரத்தை வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அடைத்த காதுக்கு அதுவும் கேட்டிருக்காது.

அரை நிமிடத்தில் "என்னடா இது" என்று எழுந்திருப்பார், சிரித்துவிட்டு உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் பெட்ஷீட்டின் ஓரமாகப் பார்த்தால், அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தாலாட்டின் தாளம். கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். பதினெட்டு கிறிஸ்துமஸ். நான் நேராக நிமிர்ந்து, மூன்றாவது வரிசையில் இடது ஓரத்தில் நிற்பது போலவே நின்று, வாயை அசைக்க ஆரம்பித்தேன். முதல் அடி, இரண்டாம் அடி, சரணம் முழுவதும். சத்தம் இல்லாமல். சமையலறை நிலையில் வந்து நின்ற இன்னாசிமேரி என்னைப் பார்த்தாள், அவள் அண்ணனைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தாலாட்டும், கேசட்டில் அதற்கடுத்த இரண்டும், ஆக மூன்று பாட்டு. பதினோரு நிமிடம். சுவர்க் கடிகாரம் பேட்டரியில் ஓடுவது.

முடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் கன்னம் நனைந்திருந்தது. "இப்பதான் மாப்ள எனக்குக் கேக்குது," என்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இதையெல்லாம்தான் மார்ச் பதினெட்டாம் தேதி அவரிடம் சொன்னேன். பிரிசில்லா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடியிருந்தார். நான் முடித்ததும் உள்ளங்கையிலிருந்த பேட்டரிகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு என் தோளில் கை வைத்தார். மிகவும் அன்பாகத்தான் வைத்தார்.

"எம் மனசு நோவக் கூடாதுன்னு இவ்ளோ பெரிய பொய்யை ஜோடிச்சுக்கினு வந்திருக்கியே மாப்ள. மத்ததெல்லாம் நீ சொல்றபடியே இருக்கட்டும். ஆனா புயலுக்கப்புறம் அன்னிக்கிப் பாடுச்சு. நான் கேட்டேன். யாரு சொன்னாலும் அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அப்பா, அன்னிக்கி ஊர்லயே கரண்ட் இல்லப்பா," என்றாள் பிரிசில்லா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மூணாவது வரிசையில, இடது ஓரத்துல ஒரு ஆம்பளக் குரலு. இத்தன வருசம் அந்தக் கேசட்ல நான் கேட்டதே இல்ல. யாருன்னு தெரியல மாப்ள. சுருதி அவ்ளோ சுத்தமா இருந்துச்சு."